மாவட்ட சுகாதார ஆபீசுங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து பேசுனா மேல இருக்கறவங்க கேப்பாங்களா?

கொடுமுடிக்காரி கேட்டது:
எல்லாருக்கும் வணக்கமுங்க. பப்ளிக் ஹெல்த் படிச்சிட்டு இருக்கேன், ஒரு செமினாருக்காக யூரேகா அப்படின்னு ஐரோப்பாவுல இருக்கற ஒரு அமைப்பைப் பத்தி படிக்க வேண்டி வந்துச்சு. பல நாட்டு மாகாண சுகாதாரத் துறைங்களும் உள்ளாட்சிங்களும் மெம்பரா சேர்ந்து ப்ரஸ்ஸல்ஸ்ல ஒரு ஆபீஸ் போட்டு, ஐரோப்பிய யூனியன் ஏதாச்சும் சுகாதாரக் கொள்கை கொண்டு வர்றப்போ எங்க ஊருக்கு இது சரிப்படும், இது சரிப்படாதுன்னு முன்னாடியே போய் சொல்லிடறாங்களாம். படிச்சதுல இருந்து ஒரே ரோசனை. நொய்யல் வெள்ளிங்கிரில கெளம்பி கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர்னு நாலு மாவட்டம் தாண்டி காவேரியில சேருது, சாயத்தண்ணியும் கொசுவும் மாவட்ட எல்லை பாத்தா நிக்குது? ஆனா நாலு மாவட்டமும் சென்னையைத்தான் பாத்துட்டு நிக்குதுங்க, பக்கத்து மாவட்டத்தைத் திரும்பிப் பாக்கறதில்ல. நம்ம கொங்குப் பக்கம் இருக்கற மாவட்டங்க எல்லாம் அந்த மாதிரி ஒண்ணு வெச்சா நெசமாலுமே எதாவது மாறுமா, இல்ல மீட்டிங் போட்டு போண்டா தின்னுட்டு வர்ற கதைதானா? துறையில இருந்தவங்க யாராவது சொல்லுங்க.

கோபி_டு_பார்சிலோனா:
அவங்களுக்கு எதுக்கு அந்த அமைப்பு தேவைப்பட்டுச்சுன்னு மொதல்ல பாருங்க. யூனியன் ஒப்பந்தத்துல 168வது பிரிவு என்ன சொல்லுதுன்னா ஆஸ்பத்திரி நடத்தறது, காசு ஒதுக்கறது எல்லாம் அந்தந்த நாட்டு சோலி, யூனியன் கூடமாட ஒத்தாசை பண்ணும், அவ்வளவுதான். ஆனா ஸ்பெயின்ல 17 தன்னாட்சி மாகாணம், ஸ்வீடன்ல 21 ரீஜியன், இத்தாலியிலயும் மாகாணங்கதான் ஆஸ்பத்திரியை நடத்தறாங்க. அப்போ ப்ரஸ்ஸல்ஸ்ல மேசையில உக்கார்றது டெல்லி மாதிரி தேசிய அரசோட மந்திரி, ஊர்ல டாக்டருக்கு சம்பளம் கொடுக்கறது மாகாணம். தன்னோட பேச்சு அங்க போய்ச் சேரணுமேன்னுதான் இவங்க கூட்டு சேர்றாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஐரோப்பா பிரிவு 1992லயே இப்பிடி மாகாணங்களுக்குன்னு ஒரு நெட்வொர்க் ஆரம்பிச்சிருச்சு, யூனியனுக்குள்ளயே 1994ல இருந்து பிராந்தியக் கமிட்டின்னு ஒண்ணும் இருக்கு. ஆனா ஒண்ணு, இதுல எவருக்கும் சட்டம் போடற அதிகாரம் கெடையாது, கருத்து சொல்லலாம், அவ்வளவுதான்.

அதுக்காக தண்டம்னும் சொல்லிட முடியாது. நான் இருக்கற கத்தலோனியாவுல, பிரான்ஸ் எல்லையை ஒட்டி மலைக்குள்ள புய்க்செர்டான்னு ஒரு சின்ன ஊரு, அங்க 2014ல செர்டான்யா ஆஸ்பத்திரி தொறந்தாங்க, ரெண்டு நாட்டு சனத்துக்கும் ஒரே ஆஸ்பத்திரி. பிரெஞ்சுக்காரங்களும் அங்கதான் பிரசவத்துக்கு வர்றாங்க. ரெண்டு நாட்டு இன்சூரன்ஸ், ரெண்டு நாட்டு டாக்டருங்க, ரெண்டு மூணு மொழி, இதையெல்லாம் ஒரு நாட்டுத் தலைநகரத்துல உக்காந்துட்டு யாரும் ரோசிக்க மாட்டாங்க, எல்லையில இருக்கறவன்தான் ரோசிப்பான்.

ரிட்டயர்டு_ஹெச்ஐ_காங்கேயம்:
அம்மிணி, நல்ல கேள்வி. நான் பூராம் கீழ வேலை பாத்தவன், அங்கிருந்தே சொல்றேன். தமிழ்நாட்டுல பொது சுகாதாரத் துறை 1922ல இருந்தே தனித் துறை, 1939லயே மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்துருச்சு, இந்தியாவுல மொதல்ல நம்மளுக்குத்தான். கிராமத்து நர்ஸ் விஹெச்என், சுகாதார ஆய்வாளர் ஹெச்ஐ, வட்டார டாக்டர் பிஎம்ஓ, மாவட்டத்துக்கு எங்க காலத்துல டிடிஹெச்எஸ்னு சொன்ன துணை இயக்குநர், அதுக்கு மேல டைரக்டர்னு ஒரே கோடு. காய்ச்ச கெளம்புச்சுன்னா இந்தக் கோடுதான் காப்பாத்தும், காலைல சென்னையில உத்தரவு போட்டா பொழுது சாயறதுக்குள்ள வெள்ளகோவில்ல ஆளுங்க டிரம்மைக் கவுத்திட்டு இருப்பாங்க. அதைக் கொறை சொல்ல மாட்டேன். கீழ இருந்து மேல ஒரு விசயம் போறதுக்குத்தான் வழி இல்ல, பக்கவாட்டுல போறதுக்கு சுத்தமா இல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன் கேளுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்கற பையன், அவினாசி ரோட்டுப் பக்கம் லைன் வீட்டுல குடியிருக்கான், டெங்கு வந்து கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தறாங்க, அட்மிசன் போடறப்போ ஆதார்ல இருக்கற அட்ரஸைக் குடுக்கறான், அது ஒடிசாவா இருக்கும், இல்ல தருமபுரியா இருக்கும். லைன் லிஸ்ட், அதாவது நோயாளிங்க பேரு அட்ரஸ் பட்டியல், அந்த ஊருக்குப் போகும். அங்க இருக்கற ஹெச்ஐ அந்த ஊட்டுக்குப் போய் தொட்டியெல்லாம் பாத்து கொசுப்புழு சாகற அபேட் மருந்தை ஊத்திட்டு வருவான், பாவம். கடிச்ச கொசு லைன் வீட்டு மாடியில, மூடி ஒடஞ்ச சின்டெக்ஸ்ல சவுக்கியமா முட்டை போட்டுட்டு இருக்கும். வாரத்துக்கு ஒருக்கா தண்ணி வந்தா பத்து வீட்டுக்காரனும் டிரம்முலதானே புடிச்சு வெப்பான்? இதை நாங்க எப்பிடி சமாளிச்சோம்னா, பக்கத்து மாவட்டத்துல கூட வேலை பாத்த பசங்களுக்கு போன் பண்ணி 'ஏனுங்க மாப்ள, இந்தப் பையன் எங்க வேலை பாக்கறான்னு கேட்டுச் சொல்லுங்க'ன்னு கேப்போம். அதுதான் எங்க நெட்வொர்க்கு. அந்த ஆளு ட்ரான்ஸ்பர்ல போயிட்டா நெட்வொர்க்கும் போச்சு.

தறிக்காரன்_பல்லடம்:
கமிட்டி, கூட்டமைப்பு, பேரவை... ஏற்கனவே இருக்கறது பத்தாதுங்களா. சாக்கடையை மொதல்ல தூர் வாரச் சொல்லுங்க.

முன்னாள்_தலைவர்_அன்னூர்:
தறிக்காரரே, அந்த சாக்கடையைத் தூர் வார்ற ஆளு யாரு கைக்குள்ள இருக்கான்னுதாங்க பிரச்சனையே. அரசியல் சட்டத்துல 11வது அட்டவணையில 23வது இனம் எடுத்துப் பாருங்க, ஆரம்ப சுகாதார நிலையம், அதான் பிஹெச்சி, அது உட்பட சுகாதாரத்தைப் பஞ்சாயத்துக்குக் குடுக்கலாம்னுதான் இருக்கு. குடுக்கறது மாநிலத்தோட இஷ்டம். நம்ம பக்கம் தலைவருக்கு டேங்க் கழுவறது, குளோரின் போடறது, சாக்கடை, இதோட சரி, பிஹெச்சி உள்ள போனா நம்மளும் ஒரு நோயாளிதான். வாளையார் தாண்டுனா கதையே வேற, கேரளாவுல 1990கள்லயே பிஹெச்சியை கிராம பஞ்சாயத்துக்குக் குடுத்துட்டாங்க, தாலுகா ஆஸ்பத்திரி பிளாக் பஞ்சாயத்துக்கு, மாவட்ட ஆஸ்பத்திரி மாவட்ட பஞ்சாயத்துக்கு. அங்க ஒரு தலைவர் சுகாதாரத்தைப் பத்திப் பேசுனா சர்க்கார் காது குடுத்துத்தான் ஆகணும், ஏன்னா பணமும் பொறுப்பும் அவர்கிட்ட இருக்கு. 15வது நிதிக்குழு 2021ல இருந்து 2026 வரைக்கும் உள்ளாட்சி வழியா சுகாதாரத்துக்குன்னு நாடு முழுக்க 70,051 கோடி சொல்லுச்சு, எங்க ஊர்ல அது கட்டடமா வந்து நின்னப்பத்தான் எங்களுக்கே தெரியும். இதுல எங்க பதவிக்காலமும் 2025 சனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு. ஐரோப்பாக்காரன் மாதிரி கூட்டமைப்பு வெச்சா அந்த நாற்காலியில யாருங்க உக்கார்றது, ஆபீசரா, ஓட்டு வாங்குனவனா? ஆபீசர் மட்டும் உக்காந்தா அது இன்னொரு ரிவியூ மீட்டிங் ஆயிரும்.

கொடுமுடிக்காரி:
நொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தலைவரே, மாவட்ட சுகாதாரப் பேரவைன்னு ஒண்ணு நடக்குதுங்களே, உலக வங்கியோட 287 மில்லியன் டாலர் கடன் திட்டம் 2019ல வந்துச்சே, அதோட சேர்ந்து வந்தது. கலெக்டர், சுகாதாரத் துறை, உள்ளாட்சி ஆளுங்க, மகளிர் குழு எல்லாம் உக்காந்து தீர்மானம் போட்டு மாநிலப் பேரவைக்கு அனுப்பறாங்க. அதையே பக்கத்து மாவட்டங்களோட சேர்ந்து பண்ண முடியாதுங்களா?

முன்னாள்_தலைவர்_அன்னூர்:
போயிருக்கேன் அம்மிணி. எங்க பக்கம் ஸ்கேன் மிசின் கேட்டோம், காம்பவுண்டு சுவர் கேட்டோம், 108 வண்டி கேட்டோம். தப்பில்ல, வேணும்தான். ஆனா சனம் பொருள் கேக்கத்தான் எந்திரிக்குது, நடைமுறையை மாத்தச் சொல்லி எந்திரிக்கறதில்ல. எல்லா மாவட்டமும் தனித்தனியா ஒரே ஸ்கேன் மிசினுக்கு வரிசையில நிக்குது.

ரிட்டயர்டு_ஹெச்ஐ_காங்கேயம்:
அப்போ நடைமுறையைக் கேளுங்க. கூட்டமைப்பு, பதிவு, ஆபீஸ், லெட்டர்பேடு எதுவும் வேண்டாம். நான் சொன்ன லைன் லிஸ்ட்ல அட்ரஸுக்குப் பக்கத்துல "வேலை செய்யும் இடம், இப்போது தங்கியிருக்கும் இடம்"னு கட்டாயமா நிரப்பணும், அந்த மாவட்டத்துக்கும் அன்னைக்கே ஒரு காப்பி போகணும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மூணு பேரவையிலயும் வார்த்தை மாறாம இதே தீர்மானம் வரட்டும். ஒரு மாவட்டம் கேட்டா ஃபைல்ல தூங்கும், மூணு மாவட்டம் ஒரே வாசகத்துல கேட்டா சென்னையில யாராவது ஒருத்தராவது 'என்னடா இது'ன்னு எடுத்துப் பாப்பாங்க. காசு செலவும் கெடையாது, வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் தேடணும்.

கொடுமுடிக்காரி:
இதை எழுதித் தர்றீங்களாண்ணா? ஈரோடு பேரவைக்கு நான் பாத்துக்கறேன், சீனியர் ஒருத்தங்க திருப்பூர்ல இருக்காங்க. கோயமுத்தூர்ல யாராவது இருந்தா சொல்லுங்க.

தறிக்காரன்_பல்லடம்:
கோயமுத்தூர்ல என்ற மச்சான் ஹெச்ஐயா இருக்கான். மெசேஜ் பண்ணுங்க, நம்பர் தர்றேன்.