"எந்த மிஸ் சொல்றது நிஜம்?" – சண்டே கிளாஸில் வந்த கேள்வி

கொருக்குப்பேட்டை டீச்சர் | ஞாயிறு, இரவு 9:40

வாரநாளில் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சண்டே கிளாஸ் எடுக்கிறேன். இன்று காலை, கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததாகச் சொல்லும் ஆதியாகமத்தை (வேதாகமத்தின் முதல் புத்தகம்) நடத்தும்போது, பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சூரியனை நாலாம் நாள்தான் படைச்சார்னா, முதல் மூணு நாள் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி ஆச்சு மிஸ்? ஸ்கூல்ல பரிணாமம் நடத்துறீங்க, இங்க ஆறு நாள்ங்கிறீங்க. எந்த மிஸ் சொல்றது நிஜம்?"

நான் வாய் திறப்பதற்குள், பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "விசுவாசத்தில் கேள்வி கேட்கக் கூடாது, உட்கார்" என்றார். பையன் உட்காரவில்லை. வேதாகமத்தை மூடி பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அவன் கேட்டது பாவம் அல்ல என்பது என் கருத்து. அதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டிருக்கிறார். அவர் ஆதித் திருச்சபையின் பெரிய வேத அறிஞர். உங்கள் சபைகளில் இப்படிக் கேட்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறீர்கள்?

ஊழியன்22 | 10:15

சிஸ்டர், பெரியவர் பேசிய விதம் சரியில்லை. ஆனால் அவர் பயம் நியாயமானது. 22 வருஷமாகத் தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை பக்கம் ஊழியம் செய்கிறேன். கஞ்சாவிலிருந்து ஒரு பையனை மீட்டது விவாதம் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் பக்கத்தில் முழங்கால் போட்டுச் செய்த ஜெபம். அவனிடம் போய், ஆதியாகமத்தில் இருக்கிறபடியே நடக்கவில்லை என்று சொன்னால், நாளைக்கு உயிர்த்தெழுதலையும் கேட்பான். அடியில் ஒரு கல்லை உருவினால் சுவர் நிற்குமா? "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று ரோமருக்கு எழுதின நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதியிருக்கிறார். உலகம் வைக்கிற பரீட்சையில் தேறுவதற்காகச் சபை இல்லை.

வியாசர்பாடி தோழர் | 10:50

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அம்மா சபைக்குப் போகிறவர். இரண்டு வருஷம் முன்பு ஒரு ஜெபக் கூட்டத்தில் "சுகம் கிடைத்துவிட்டது, மாத்திரை வேண்டாம்" என்றார்கள். அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். காலில் புண் வந்து இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் முதலில் சொல்லிக் கொடுத்தது "கேள்வி கேட்காதே" என்பதைத்தான்.

டீச்சரிடமும் ஒன்று கேட்க வேண்டும். அறிவியல் ஓர் அடி முன்னால் வைக்கும்போதெல்லாம், "அது உவமை" என்று நீங்கள் ஓர் அடி பின்வாங்குகிறீர்கள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவுக்கு 1633-ல் தண்டனை கொடுத்தீர்கள். அது தவறு என்று போப் சொல்ல 1992 ஆனது. இதற்குப் பெயர் பகுத்தறிவா?

கொருக்குப்பேட்டை டீச்சர் | 11:35

தோழர், உங்கள் அம்மாவுக்கு நடந்தது பெரிய கொடுமை. அதைச் சொன்னவர்கள் வேதத்தையும் சரியாகப் படிக்கவில்லை. பவுலின் கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். பவுலே அவரைப் "பிரியமான வைத்தியன்" என்று எழுதுகிறார்.

பின்வாங்குகிறோம் என்கிறீர்கள். காலத்தைப் பாருங்கள். ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டு, அவரைப் போலவே பெரிய வேத அறிஞரான அகஸ்டின் கிட்டத்தட்ட 400-ஆம் ஆண்டு. தொலைநோக்கி வர இன்னும் 1,200 வருஷம் இருந்தது. அவர்களை எந்த அறிவியலும் விரட்டவில்லை. வசனத்தையே ஊன்றிப் படித்ததால், இந்த நாட்கள் நாம் எண்ணும் நாட்கள்தானா என்று கேட்டார்கள். கலிலியோ விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அதற்கு நான் சாக்கு சொல்லமாட்டேன்.

ஊழியக்கார ஐயா, உங்கள் சுவர் உதாரணத்துக்கு அகஸ்டினே பதில் வைத்திருக்கிறார். வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி ஒரு விசுவாசி வேதத்தின் பெயரால் தப்பாகப் பேசினால், விஷயம் தெரிந்த அவிசுவாசி அதே வேதம் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவான் என்று கேட்டார். அந்தப் பையன் கல்லை உருவவில்லை. ஆறு நாளையும் உயிர்த்தெழுதலையும் ஒரே கயிற்றில் கட்டி, ஒன்று போனால் மற்றதும் போகும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

நீங்கள் காட்டியது ரோமர் 12-ன் இரண்டாம் வசனம். அதற்கு முந்திய வசனம் "புத்தியுள்ள ஆராதனை" என்று முடிகிறது. நீங்கள் காட்டிய வசனமும் மனம் புதிதாக வேண்டும் என்றுதான் சொல்கிறது. மனதை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.

காசிமேடு மகள் | திங்கள், அதிகாலை 4:50

மீன் ஏலத்துக்கு வந்திருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். போட் இறக்கும்போது அப்பா சிலுவை போட்டுக்கொள்வார். அப்புறம் ஜிபிஎஸ் பார்ப்பார், புயல் எச்சரிக்கை கேட்பார். எச்சரிக்கை இருந்தால், சிலுவை போட்டாயிற்றே என்று கிளம்பமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் முட்டையிடும் காலம் என்று அதிகாரிகள் விளக்குவார்கள். அப்பா அதைக் "கடலுக்கு ஓய்வுநாள்" என்பார். இரண்டும் அவருக்கு ஒரே கடல்தான்.

வியாசர்பாடி தோழர் | காலை 8:20

உங்கள் அப்பாவை மதிக்கிறேன் சகோதரி. உண்மையில் பரிணாமம் எனக்குப் பெரிய கேள்வியே இல்லை. என் கேள்வி 2004 டிசம்பர் 26 சுனாமி. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது நான் எட்டாவது படித்தேன். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அற்புதம் என்றார்கள். கரையில் செத்தவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? எங்கள் தெருவில் ஒருவர், "இது பாவத்துக்குத் தண்டனை" என்று மைக் போட்டுப் பிரசங்கம் செய்தார். அன்றைக்குச் சபையை விட்டவன் நான். ஆறு நாளை உவமை ஆக்கிவிடலாம். இதை என்ன செய்வீர்கள்?

ராயபுரத்தான் | 1:05

தோழர், நான் கத்தோலிக்கன். எங்கள் பேட்டையின் பெயரே ராயப்பரிடமிருந்து, அதாவது பேதுருவிடமிருந்து, வந்ததுதான் என்று சொல்லி வளர்த்தார்கள். அந்த ராயப்பரின் முதல் கடிதத்தில், உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிற யாருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று இருக்கிறது. அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. சுமத்ரா பக்கம் கடலடியில் நிலத்தட்டு நழுவியது, அலை எழுந்தது. தட்டுகள் நகர்வதால்தான் மலைகள் எழும்பின, நாம் வாழும் நிலமே இப்படி அமைந்தது என்றும் படித்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த மைக் பிரசங்கி தப்பு என்பதை வேதமே சொல்கிறது. யோபு கதையில் நண்பர்கள் மூன்று பேர் அவரிடம், "நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கஷ்டம்" என்று பக்கம் பக்கமாகக் கடவுளுக்காக வாதாடுகிறார்கள். யோபு அழுகிறார், கடவுளையே கேள்வி கேட்கிறார். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் மூள்கிறது. யோபுதான் சரியாகப் பேசினார் என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்றார் இயேசு.

அப்புறம் ஒன்று. நடந்தது வெறும் தட்டு நகர்வு மட்டும் என்றால், அதில் துக்கம் உண்டு, அநியாயம் கிடையாது. உங்கள் கோபத்தில் "இது அநியாயம்" என்ற குரல் கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது? மடக்குவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே அதுதான் கடவுளை நம்புவதற்கு ஒரு காரணம்.

வியாசர்பாடி தோழர் | 2:30

மனுஷனிடமிருந்து வருகிறது. 1918-ல் இங்கே பெரம்பூர் மில் தொழிலாளிகள் சங்கம் கட்டியபோது, கூலி அநியாயம் என்று புரிந்துகொள்ள வேதம் தேவைப்படவில்லை. கல்லறையில்கூடச் சாதி பார்த்துச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. வேதம் கையில் இருந்தும் அவர்களுக்கு அது உறைக்கவில்லை. ஆகவே உங்கள் காரணம் எனக்குப் போதாது.

ஆனால் யோபு முடிவு இப்படி என்று இத்தனை வருஷத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அம்மாவின் பைபிளில் படித்துப் பார்க்கிறேன்.

ஊழியன்22 | இரவு 7:45

கல்லறைச் சுவரைப் பற்றிச் சொன்னது சுட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, தலைகுனிவுதான் உண்டு. மாத்திரையை நிறுத்தச் சொல்வதை நானும் கண்டித்திருக்கிறேன், இன்னும் சத்தமாகக் கண்டித்திருக்க வேண்டும்.

ஆறு நாள் விஷயத்தில் நான் மாறவில்லை. டீச்சர், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பையன் திரும்பக் கேட்டால், நாலாம் நாளுக்கு உங்கள் பதில் என்ன?

கொருக்குப்பேட்டை டீச்சர் | 9:10

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன் ஐயா. அவனிடம் சொன்னதையே சொல்கிறேன்.

முதல் மூன்று நாளையும் அடுத்த மூன்று நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னேன். முதல் நாள் வெளிச்சம், நாலாம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் வானமும் தண்ணீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் தரை, ஆறாம் நாள் மிருகமும் மனுஷனும். முதலில் வீடு, அப்புறம் குடித்தனம். எழுதியவர் தேதிக் கணக்கு எழுத உட்காரவில்லை என்பது அந்த அமைப்பிலேயே தெரிகிறது.

அப்புறம் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் பதினாறாம் வசனம். அங்கே சூரியன், சந்திரன் என்ற பெயர்களே இல்லை. "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்றுதான் இருக்கிறது. பாபிலோனில் இரண்டையும் தெய்வமாகக் கும்பிட்டார்கள். அவர்களுக்கு நடுவே வாழ்ந்த ஒரு சின்ன ஜனம், நீங்கள் கும்பிடுவது ஒரு விளக்கு, அதையும் நாலாம் நாள்தான் ஏற்றினார் என்று எழுதி வைத்திருக்கிறது. சூரியன் எப்படி எரிகிறது என்று பள்ளியில் நடத்துகிறேன். அது கும்பிட வேண்டிய பொருள் அல்ல என்று சபையில் சொல்கிறேன். இரண்டு மிஸ்ஸும் ஒருத்திதான் என்று சொன்னேன்.

அவன் நோட்டில் எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றான்.

பெஞ்சில் விட்டுப் போன வேதாகமத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வருவானா என்று நான் கேட்கவில்லை.