அகத்தி விமானம்: லக்கேஜ் ஏன் பின்தங்குகிறது?

மயிலைவாசி:
சென்னையிலிருந்து கொச்சி வழியாக லட்சத்தீவின் அகத்திக்கு நாலு பேர் போகிறோம். சில சமயம் பெட்டி மட்டும் அடுத்த விமானத்தில் வருமாமே, ஏன்? கொச்சியில் எவ்வளவு இடைவெளி விடணும்?

பல்லாவரம் குமரன்:
காரணம் ஓடுபாதைதான். சென்னையில் பெரியது 3,600 மீட்டருக்கு மேல். அகத்தியில் சுமார் 1,200. இரு முனையிலும் கடல். ஏடிஆர் 72 மாதிரி புரொப்பல்லர் விமானங்களுக்கே அது இறுக்கமான அளவு. வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்குவிசை, எஞ்சினுக்குச் சக்தி இரண்டும் குறையும். மழையில் பாதை நனைந்தால் நிற்கும் தூரம் கூடும். ஆக, எடையைக் குறைத்தே தீரணும். எரிபொருளில் கைவைக்க முடியாது. இறங்க முடியாவிட்டால் கரைக்குத் திரும்ப வேண்டுமே. குறைக்க மிச்சம் இருப்பது பெட்டிகள்தான்; இல்லாவிட்டால் சில இருக்கைகளைக் காலியாக விடணும்.

அடையாறு மீனா:
மருந்து, ஒரு செட் துணி, பெர்மிட் (லட்சத்தீவு நுழைவு அனுமதி) நகல், பவர் பேங்க் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சின்னது, கெட்டியான டிராலி நுழையாது, துணிப்பை தேவலை.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) என்றால் கொச்சியில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் போடணும். கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போச்சு. முந்தின நாளே போய்க் கொச்சியில் தங்குங்கள்.

பல்லாவரம் குமரன்:
பெர்மிட் கைக்கு வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பெர்மிட், டிக்கெட், அடையாள அட்டை மூன்றிலும் பெயர், இனிஷியல் உட்பட, ஒன்றாக இருக்கணும்.