"எத்தனை அதிகம்" என்று கேட்டாலே கூட்டிவிடுகிறான்

எடைமேடைக்காரன் (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. 15-லிருந்து 8 போனால் 7 என்று பட்டென்று சொல்வான், விரல்கூட விடமாட்டான். நேற்று வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு: "அக்காவிடம் 15 ரம்புத்தான் உண்டு. தம்பியிடம் 8 உண்டு. அக்காவிடம் எத்தனை அதிகம்?" 23 என்று எழுதியிருக்கிறான். ஏன்டா என்றால், "அதிகம்னா கூட்டணும்ப்பா." மறுபடி படி என்றேன். படித்துவிட்டு 15 என்றான். "அக்காகிட்டதானே அதிகம்? அவகிட்ட 15 இருக்கே." அவன் பக்கம் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் படுகிறது!

அதிகம், மொத்தம் என்று வந்தால் கூட்டு; மீதி, குறைவு என்று வந்தால் கழி என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்தார்களாம். சரிதானா? நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி நிறுக்கிறேன். நாள் முழுக்கக் கழித்தல்தான். இவனுக்குச் சொல்லத்தான் வரவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, பையன் கணக்கில் கெட்டி. கேள்வியின் தமிழ்தான் இடறுகிறது. "மீதி எத்தனை" கணக்கில் ஏதாவது நடக்கும்: தின்றான், தொலைத்தான், கொடுத்தான். ஒப்பிடும் கணக்கில் ஒன்றுமே நடப்பதில்லை. அக்கா பழம் அக்காவிடம், தம்பி பழம் தம்பியிடம். எதை எடுப்பது என்று பிள்ளை முழிக்கிறது.

1983இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் பறவையும் புழுவும் உள்ள படத்தைக் காட்டிக் கேட்டுப் பார்த்தார். "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்றதற்கு முதல் வகுப்புப் பிள்ளைகளில் 64 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். "ஆளுக்கொரு புழு எடுத்தால் எத்தனை பறவைக்குக் கிடைக்காது?" என்று மாற்றிக் கேட்டதும் அத்தனை பேரும் சரி!

நீங்களும் இப்படிக் கேளுங்கள்: "15 பேர் பசியாற வந்தார்கள். ஆளுக்கொரு ரொட்டி சானாய். 8தான் இருக்கிறது. எத்தனை பேருக்குக் கிடைக்காது?" பாட்டில் மூடிகளை ஜோடி ஜோடியாக வைக்கச் சொல்லுங்கள். ஜோடி கிடைக்காமல் நிற்பதைக் காட்டி, "இதைத்தான் அதிகம் என்கிறோம்" என்று சொல்லுங்கள்.

அந்த டியூஷன் குறுக்குவழி வேண்டாம். "அக்காவிடம் 15. அது தம்பியிடம் இருப்பதைவிட 7 அதிகம். தம்பியிடம் எத்தனை?" இதைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். அதிகம் என்று இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும்.

ஒட்டுக்கடை அக்கா:
என் மகளும் அந்த வயதில் அப்படித்தான், அண்ணே. இப்போது கடையில் பாக்கிக் காசு அவள்தான் கொடுக்கிறாள். 3 வெள்ளி 40 காசுக்கு 5 வெள்ளி நோட்டை நீட்டினால் கழிப்பதே இல்லை. ஒரு பத்து காசை எடுத்து "மூணு அம்பது", ஐம்பது காசு வைத்து "நாலு", ஒரு வெள்ளி நோட்டு வைத்து "அஞ்சு". 1 வெள்ளி 60 காசு கைக்கு வந்துவிட்டது. (2008இல் பில் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிக்கட்டும் வழக்கம் வந்த பிறகு ஒரு காசுத் தொல்லையும் போச்சு.) உங்கள் பையனையும் 8-லிருந்து 15-க்கு ஏறச் சொல்லிப் பாருங்கள்.

எடைமேடைக்காரன்:
நன்றி டீச்சர், நன்றி அக்கா. ரொட்டி சானாய் கணக்குக்கு உடனே 7 என்றான். "பாவம்ப்பா, அந்த ஏழு பேருக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்துடலாம்" என்று தீர்ப்பும் சொன்னான். ரம்புத்தானுக்கு மூடிகளை அடுக்கினான், அதுவும் 7.

அப்புறம் என் வேலையையே வரைந்து காட்டினேன். உள்ளே வரும்போது லோரி 18 டன், பழக்குலையை இறக்கிவிட்டு வெளியே போகும்போது 8 டன். "வரும்போது எத்தனை அதிகம்?" என்றேன். "10. பழம்தானேப்பா அதிகம்" என்றான், என்னமோ நான் இத்தனை வருஷமாக அது தெரியாமல் நிறுத்துக்கொண்டிருந்த மாதிரி.

டீச்சரின் கடைசிக் கணக்கு மட்டும் இன்னும் 22தான் வருகிறது. அடுப்படியிலிருந்து என் மனைவியும் 22 என்றாள்.