பழைய ஆர்கேட் கேம்களில் ஒளிந்திருக்கும் கணக்குகள்

வரிசையாக இறங்கிவரும் வேற்றுக்கிரக எதிரிகளைச் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978) ஆடும்போது சுட்ட குண்டுகளை எண்ணிக்கொண்டே வாங்க. மேலே போகும் பறக்கும் தட்டைச் சுட்டால் கிடைக்கும் 50, 100, 150, 300 மதிப்பெண் எதுவும் குலுக்கலில் வருவதில்லை. எத்தனையாவது குண்டு என்று பார்த்து ஒரு பட்டியலிலிருந்து எடுக்கிறது. சுற்று தொடங்கி 22 குண்டுகளைச் சுட்டுவிட்டு 23ஆவதைத் தட்டுக்கு வைத்தால் 300. பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டுக்கும் 300. பட்டியலில் இருப்பது 16 எண்கள், ஆனால் ஒரு பிழையால் கடைசி எண்ணைத் தொடாமலே முதலுக்குத் திரும்பிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: குறி தவறிய குண்டும் கணக்கில் சேரும். எதிரிகள் 8 பேருக்குக் கீழே குறைந்தால் தட்டே வராது.

* * *

அதே கேமில் வேகம் கூடுவதையும் சொல்லணும். கேமை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோவின் நிரல் ஒரு ஃப்ரேமுக்கு (திரை ஒருமுறை புதிதாக வரையப்படும் நேரம்) ஒரே எதிரியைத்தான் நகர்த்தும். 55 பேரும் ஒரு எட்டு வைக்க 55 ஃப்ரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. கடைசி ஆள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாய்வான். இயந்திரத்தின் மூளையான 2 மெகாஹெர்ட்ஸ் 8080 சிப்பால் எல்லோரையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியாமல் போனதே நமக்குப் படபடப்பாக வந்து சேர்ந்தது. எவ்வளவு அழகான விபத்து!

* * *

காலகா (1981), இதுவும் எதிரிகளைச் சுடும் கேம்: முதல் சுற்றில் இடது ஓரத்துக் கடைசி இரண்டு தேனீ வடிவ எதிரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடிங்க. அப்புறம் சுடவே கூடாது, ஒதுங்கிக்கொண்டே இருக்கணும். சுமார் 15 நிமிடத்தில் அவை குண்டு போடுவதை நிறுத்திவிடும். சில தடவை வெறுமனே வந்து போகிறதா என்று உறுதி செய்தபின் இரண்டையும் சுடலாம். அடுத்த சுற்றுகளில் யாருமே சுடமாட்டார்கள். காரணம்: திரையின் ஓரத்தில், எக்ஸ் மதிப்பு (இட-வல இருப்பைக் குறிக்கும் எண்) 0 ஆன இடத்தில் பிறக்கும் குண்டு நகர்வதும் இல்லை, அழிவதும் இல்லை. நினைவகத்தில் குண்டுகளுக்கென ஒதுக்கியதில் அது பிடித்த இடம் திரும்பக் கிடைக்காது. இருக்கும் இடமெல்லாம் இப்படி நிரம்பிவிடும்.

* * *

புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்றுகொண்டு போகும் பேக்-மேன் (1980) கேமின் 256ஆவது லெவல் இன்னொரு வகை. லெவல் எண்ணுக்கு ஒரே பைட், அதாவது 0 முதல் 255 வரைதான் இடம். லெவலைக் காட்டத் திரையின் அடியில் பழம் வரையும் நிரல் பகுதி அதில் 1 கூட்டும்போது 255 சுழன்று 0 ஆகிவிட, 256 பழம் வரையப் போய்த் திரையின் வலது பாதி குப்பையாகிறது. லெவல் முடிய 244 புள்ளி தின்னணும்; இடப்பக்கம் 114, வலப்பக்கக் குப்பைக்குள் 9. அந்த 9 மட்டும் ஒவ்வொரு உயிர் போனதும் திரும்ப முளைக்கும். முழு ஸ்கோரான 3,333,360 எடுக்க அவற்றின் இடம் மனப்பாடமாக இருக்கணும்.

* * *

டாங்கி காங் (1981) கேமின் ரோமை (நிரல் பதிந்த சிப்பின் நகலை) ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்க. நிரலை ஆராய்வது கடினமாக இருந்தால் நாங்கள் சொல்லித்தருகிறோம் என்று தொலைபேசி எண்ணோடு, கேமுக்கு நிரல் எழுதிய இகெகாமி நிறுவனத்தார் விட்டுவைத்த செய்தி உள்ளே கிடக்கும். ஆடும்போது திரையில் அது எங்கும் வராது.