ஆபீஸில் தியானம்: எப்படிப் பழக்கமாக்குவது?

ஓஎம்ஆர்வாசி:
மாலை நான்கு மணிக்கு கான்ஃபரன்ஸ் ரூமில் 15 நிமிடத் தியானம் என்று ஹெச்ஆர் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் நான் சப்போர்ட் டீம், அந்த நேரத்தில்தான் லண்டன் கிளையண்ட் கால் சூடுபிடிக்கும். தப்பித்தவறி உட்கார்ந்தாலும் கண்ணை மூடியதும் முடிக்காத டிக்கெட்டுகள்தான் (கிளையண்ட் புகார்கள்) வரிசையாக வருகின்றன. விடாமல் செய்கிறவர்கள் எப்படி ஆரம்பித்தீர்கள்?

மேடவாக்கம்:
நான்கு மணியை விடுங்கள். தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடுங்கள். நான் காலையில் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு, மெயிலைத் திறக்கும் முன், இரண்டு காலையும் தரையில் பதித்து, மூக்கு நுனியில் மூச்சு போய் வருவதை மட்டும் ஐந்து நிமிடம் கவனிப்பேன். டிக்கெட் ஞாபகம் வரட்டும், வந்தது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புவதுதான் பயிற்சியே. அப்புறம், 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் பழக்கம் படிய எடுத்த நாட்களின் இடைநிலை 66, சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 250 நாளுக்கு மேல் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லையாம்.

கொங்குக்காரன்:
தனியாகச் செய்தால் நின்றுவிடும் என்று பயமிருந்தால் பக்கத்தில் மனவளக்கலை மன்றம் இருக்கிறதா பாருங்கள். வேதாத்திரி மகரிஷி வழியில் சொல்லித்தர ஆள் இருப்பார்கள், கூட உட்கார நாலு பேரும் கிடைப்பார்கள். விபாசனா தியானம் 10 நாள் தங்கிப் பயில வேண்டியது, கட்டணம் கிடையாது, ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதற்குப் போக வேண்டாம் என்பேன்.

நைட்ஷிப்ட்:
ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேலைச் சூழலால் வரும் தீராத அழுத்தத்தின் விளைவு என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன் அவுட்டை, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோகும் நிலையை, வரையறுத்தது. ஆளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு கிளையண்ட் அழைப்புகளைக் குறைக்காவிட்டால் எப்படி? அந்த 15 நிமிடம் உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறொருவர் எடுக்கட்டும் என்று மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் தியானத்தை மட்டும் நம்பியிருக்காமல் டாக்டரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கும் இலவசமாகப் பேசலாம்.

ஓஎம்ஆர்வாசி:
நன்றி. மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டேன். சம்மணம் போட்டால் முட்டி வலிக்கிறது, நாற்காலி பரவாயில்லையா?

மேடவாக்கம்:
தாராளமாக. சாயாமல் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள், போனை மட்டும் சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள்.