ஐந்துக்கு நான்கு வட்டங்கள்: வரைகலைச் சுயவிவரம் உதவுமா?

புதியபாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 9 ஆண்டுகளில் மூன்று துறைகளைக் கடந்து வந்தவன் நான்: 4 ஆண்டுகள் பள்ளி ஆசிரியர், 3 ஆண்டுகள் பாடநூல் எழுத்தாளர், கடந்த 2 ஆண்டுகளாகத் தரவுப் பகுப்பாய்வாளர். வழக்கமான சுயவிவரத்தில் இதை வரிசையாக எழுதினால், எந்த வேலையிலும் நிலைக்காதவன் என்ற எண்ணமே படிப்பவருக்கு ஏற்படுகிறது. மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களை ஆராயத் தொடங்கிய பழக்கம்தான் என்னை இன்றைய வேலைக்குக் கொண்டுவந்தது என்ற தொடர்ச்சி அதில் தெரிவதே இல்லை.

ஆகவே, வடிவமைப்புத் தளம் ஒன்றின் வார்ப்புருவை எடுத்து வரைகலைச் சுயவிவரம் ஒன்றைத் தயாரித்தேன். இடப்புறம் கருநீலப் பட்டை, அதில் புகைப்படமும் தொடர்பு விவரங்களும், அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து வட்டங்கள், வலப்புறம் ஒரு காலக்கோடு. அதை 22 இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டு பதில்கள் வந்தன. பழைய வடிவத்தை அனுப்பியிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்பது தெரியாததால், இந்தக் கணக்கு எதையும் நிறுவாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். இந்த வடிவத்தைத் தொடரலாமா, கைவிடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சல்லடை எழுதியது:

விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பதே என் தொழில் என்பதால் புனைபெயரையும் அப்படியே வைத்துக்கொண்டேன். கைவிடுங்கள் என்பதே என் பதில்.

ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பங்கள் குவியும்போது முதல் சுற்றில் நான் எதையும் படிப்பதில்லை, பார்க்கிறேன், அவ்வளவுதான். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம், தேர்வாளர்களின் கண் அசைவைப் பதிவு செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சுயவிவரத்தின் மீதான முதல் பார்வை சராசரியாக 6 விநாடிகள் நீடித்ததாகக் கண்டது. 2018-இல் மீண்டும் செய்தபோது அது 7.4 விநாடிகளாக இருந்தது. அந்தச் சில விநாடிகளில் என் கண் தேடுவது இப்போதைய பதவி, முந்தைய பதவி, அவற்றின் தேதிகள், படிப்பு ஆகியவற்றை மட்டுமே. அவை வழக்கமான இடத்தில் இருந்தால் கண் தானாகப் போய் நிற்கும். புது வடிவம் என்பது, வீட்டுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து வேறெங்கோ ஒளித்துவிட்டு, அந்த இடம் அழகாக இருக்கிறதா என்று கேட்பதைப் போன்றது.

அந்த வட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழிக்கு எதிரே ஐந்தில் நான்கு வட்டங்கள் நிரம்பியுள்ளன என்றால், அந்த மதிப்பெண்ணைப் போட்டது யார்? ஆசிரியராக இருந்தவர் நீங்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொண்டு வரும் மாணவனுக்கு என்ன சொல்வீர்கள்?

தூரிகை எழுதியது:

நான் வரைகலை வடிவமைப்பாளர். சல்லடை ஐயா குறிப்பிடும் 6 விநாடி கணக்கு அவருக்கு எதிராகவே பேசுகிறது என்று கருதுகிறேன். இவ்வளவு குறைந்த நேரமே கிடைக்கும் என்றால், அந்த நேரத்துக்குள் ஒரு வாழ்க்கையின் போக்கை எழுத்தால் காட்ட முடியுமா, கோட்டால் காட்ட முடியுமா என்பதுதானே கேள்வி? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல், பல நாடுகளுடன் இங்கிலாந்து நடத்திய ஏற்றுமதி, இறக்குமதிகளைக் கோட்டுப் படங்களாக வரைந்து வெளியிட்டதற்குக் காரணமே, அட்டவணையில் பக்கம் பக்கமாகக் கிடந்த எண்களின் ஏற்றத்தாழ்வு ஒரே பார்வையில் பிடிபட வேண்டும் என்பதுதான். புதியபாதை அவர்களின் சிக்கலும் அதே வகையைச் சேர்ந்தது. மூன்று வேலைகளும் தனித்தனியாக அல்ல, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்பதைச் சொல்லப் பத்தி போதாமல்தான் அவர் படத்தை நாடியிருக்கிறார்.

சல்லடை எழுதியது:

பிளேஃபேருக்கு முந்தைய ஓர் எடுத்துக்காட்டு என்னிடம் உண்டு. ஏறத்தாழ 1482-இல் லியோனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. அவர் காலத்தில் அவரைவிட நன்றாக வரையக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இருந்தும் அவர் எழுதியது எண்ணிட்ட பத்திகளை: எடுத்துச் செல்லத்தக்க பாலங்கள் கட்டுவேன், முற்றுகையின்போது அகழி நீரை வடியச் செய்வேன், மூடிய போர் வண்டிகள் செய்வேன் என்று, கேட்பவருக்குத் தேவையானதை வரிசையாக. ஓவியத்தைக் கடைசியில் போகிற போக்கில்தான் குறிப்பிட்டார்.

தூரிகை எழுதியது:

அதே கடிதத்தின் முடிவில், இவற்றில் எதையாவது யாரேனும் இயலாது என்று நினைத்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்துகாட்டத் தயார் என்றும் அவர் எழுதினார். வார்த்தை மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நிரல்மொழி எழுதியது:

கண்ணைப் பற்றி இருவரும் பேசுகிறீர்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கும் மென்பொருளை மறந்துவிட்டீர்கள். இணையவழியில் பதிவேற்றப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முதலில் போய்ச் சேர்வது விண்ணப்ப மேலாண்மை மென்பொருளுக்கு. அது பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்தை உருவி, பெயர், பதவி, ஆண்டு, திறன் என்று பிரித்துத் தன் கட்டங்களில் இட முயல்கிறது.

பி.டி.எஃப். என்பது பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வரையறுப்பதற்காக உருவான வடிவம். இந்த எழுத்தை இந்த இடத்தில் வை என்ற கட்டளைகளின் தொகுப்பே பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது. எது பத்தி, எது தலைப்பு, எதற்குப் பின் எதைப் படிப்பது என்ற குறிப்பைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. எழுத்து இரண்டு செங்குத்துப் பத்திகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், உருவும் மென்பொருள் சில வேளைகளில் இடப்புற வரியையும் வலப்புற வரியையும் ஒரே வரியாகச் சேர்த்துவிடும். எழுத்தையே படமாக மாற்றிச் சேமித்திருந்தால், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி இல்லாத மென்பொருளுக்கு அந்த இடம் வெற்றுத்தாள். தமிழில் எழுதியிருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும்: கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில், ‘கெ’ என்ற எழுத்தின் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் எகரக் குறி, அச்சில் அதற்கு முன் நிற்பதால், உருவும்போது வரிசை புரண்டு சொல்லே சிதைவதை அடிக்கடி காணலாம்.

சோதிப்பது எளிது. உங்கள் கோப்பைத் திறந்து, அனைத்தையும் தெரிவு செய்து, நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெற்று எழுத்துச் செயலியில் ஒட்டுங்கள். மென்பொருளின் கையில் கிடைப்பது ஏறக்குறைய அதுதான்.

வழிப்போக்கர் எழுதியது:

சுயவிவரங்களில் 75 சதவீதத்தை மென்பொருளே நிராகரித்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பிறகு எதற்கு இந்த விவாதம்?

நிரல்மொழி எழுதியது:

அந்த எண்ணை நானும் எத்தனையோ கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு அடிப்படையான ஆய்வை அவற்றில் ஒன்றுகூடக் காட்டியதில்லை. நான் சொன்னது, மென்பொருள் தவறாகப் படிக்கக்கூடும் என்பதை மட்டுமே. தவறாகப் படிக்கப்பட்ட விண்ணப்பம் தேடலில் மேலே வராமல் கிடக்கும். அது நிராகரிப்பு அல்ல, யாரும் திறக்காத உறை.

செவிவழி எழுதியது:

தேர்வுக் குழு ஒன்றில் இருக்கும் நான், விண்ணப்பங்களைக் காதால் படிப்பவள். திரைவாசிப்பான் படித்துச் சொல்ல நான் கேட்கிறேன். வரைகலைச் சுயவிவரம் ஒன்றைத் திறந்தால் எனக்குக் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான்: படம், படம், பைத்தான், படம், படம், படம், படம், படம். பைத்தான் என்ற கணினி மொழிக்கு எதிரே உள்ள நிரம்பிய வட்டத்துக்கும் வெற்று வட்டத்துக்கும், படத்தைச் சொல்லால் விளக்கும் மாற்று உரை எழுத வேண்டும் என்பது வார்ப்புரு தயாரித்தவருக்கும் தோன்றவில்லை, பயன்படுத்தியவருக்கும் தோன்றவில்லை. காலக்கோடு என்றால் ஆண்டுகள் எல்லாம் ஒரு மூச்சிலும் பதவிகள் எல்லாம் அடுத்த மூச்சிலுமாக வரும். எந்த ஆண்டுக்கு எந்தப் பதவி என்பதை நான் விரல்விட்டு எண்ணிச் சேர்க்க வேண்டும்.

பார்வையுள்ளவர்களுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மைக்கான நெறிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைத் தாளில் இழைத்துவிட்டு அதை நேர்த்தி என்று அழைக்கும் வார்ப்புருக்கள் அந்த அளவைத் தொடுவதில்லை என்று என் சக தேர்வாளர்களே புலம்புவார்கள்.

அழகைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், தூரிகை அவர்களே, பிளேஃபேரின் கோடு எனக்குக் கேட்பதில்லை.

தூரிகை எழுதியது:

செவிவழி அம்மா எழுதியதைப் படித்த பிறகு, என் முந்தைய பதிவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாற்று உரையும் படிப்பு வரிசையும் இல்லாத படத்தை முடிந்த வேலை என்று ஒரு வடிவமைப்பாளர் கொடுக்கக் கூடாது. அதை வடிவமைப்பின் குறையாகவே பார்க்க வேண்டும். வட்டங்களையும் நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

ஏன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் காலக்கோட்டையும் வட்டங்களையும் ஒரே கூடையில் போட்டு எறிவதை என்னால் ஏற்க இயலாது. வியன்னாவில் 1920-களில் சமூக அறிவியலாளர் ஓட்டோ நியூராத் தன் குழுவினருடன் படப் புள்ளிவிவர முறையை உருவாக்கியபோது, பெரிய தொகையைக் காட்ட உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, ஒரே அளவுள்ள உருவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்க வேண்டும் என்ற விதியை வைத்தார். ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் எண்ணப்பட்ட ஒரு தொகை இருந்தது. பைத்தானுக்கு எதிரே நிற்கும் வட்டங்கள் அதே தோற்றத்தைக் கடன் வாங்குகின்றன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் எண்ணப்பட்டது எதுவும் இல்லை. அளவீடு நடக்காத இடத்தில் அளவுகோலின் படத்தை ஒட்டுவதுதான் அது, சல்லடை ஐயாவின் விடைத்தாள் உவமை அதற்கு முற்றிலும் பொருந்தும்.

காலக்கோடு அப்படியல்ல. 4 ஆண்டுகள், 3 ஆண்டுகள், 2 ஆண்டுகள் என்பவை சரிபார்க்கத்தக்க உண்மைகள். புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான ஓர் அளவுக்கோட்டின் மீது உள்ள இடத்தை ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் மிகத் துல்லியமாக இருக்கிறது, கோணத்திலும் பரப்பிலும் அந்தத் துல்லியம் குறைகிறது என்று காட்டினார்கள். எனவே வட்ட வரைபடத்தில் வாழ்க்கையைத் துண்டு போடுவதும், சொற்களைப் பெரிதும் சிறிதுமாகத் தூவுவதும் வீண். நேர்கோட்டில் ஆண்டுகளை இடுவது மட்டும் வேறு. அந்தக் கோட்டுக்கு மேலே, ஆசிரியப் பணியில் தொடங்கிய மதிப்பெண் ஆய்வு என்ற இழை மூன்று வேலைகளையும் ஊடுருவிச் செல்வதாக ஒரு மெல்லிய கோட்டை வரைந்தால், அவர் தாவவில்லை என்பது ஒரு நொடியில் விளங்கும்.

சல்லடை எழுதியது:

விளங்கும், ஆனால் வேறொன்றும் விளங்கிவிடும். எழுத்தில் 2017 வரை ஒரு வேலை, 2019 முதல் அடுத்த வேலை என்று இருந்தால், பலர் அதைக் கடந்து போய்விடுவார்கள். கோட்டில் அதே இரண்டு ஆண்டுகள் பல் விழுந்த இடம்போல் வாயைத் திறந்து நிற்கும். நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர்களையும், குழந்தைக்காக வீட்டில் இருந்தவர்களையும் நான் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குக் காலக்கோட்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. புதியபாதை அவர்களுக்கு இடைவெளி இல்லை என்பதால் இது அவருக்குப் பொருந்தாமல் போகலாம். வார்ப்புரு எல்லோருக்கும் ஒன்றுதான்.

புகைப்படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் அதைத் தவிர்ப்பதே வழக்கம், தேர்வில் பாரபட்சம் நுழையக் கூடாது என்பதற்காக. எடுத்துவிடுங்கள்.

செவிவழி எழுதியது:

அந்த இடைவெளியை மறைப்பதற்கு எழுத்து உதவுகிறது என்பதற்காக எழுத்தைப் பாராட்டுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது, சல்லடை ஐயா. பெற்றோரைப் பராமரித்தேன் என்று ஒரு வரி எழுதினால் அதைக் குறையாகக் கொள்ளாத தேர்வாளர்கள் தேவை. அது வடிவத்தால் தீரும் சிக்கல் அல்ல.

புதியபாதை எழுதியது:

நிரல்மொழி அவர்கள் சொன்ன சோதனையை நேற்றிரவு செய்து பார்த்தேன். ஒட்டியதும் வந்த முதல் வரி இதுதான்: "எஸ்க்யூஎல் ஆசிரியர் பைத்தான் 4 ஆண்டுகள் எக்செல் பாடநூல்". அதைவிட மோசமான ஒன்றைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடங்கள் ஆயின. என் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் ஒட்டிய எழுத்தில் எங்குமே இல்லை. கருநீலப் பட்டை முழுவதையும், அழகாகத் தெரிகிறதே என்று, ஒரே படமாகச் சேமித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

பிறகு அனுப்பிய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 22-இல் 19 விண்ணப்பங்கள் நிறுவனத் தளங்களில் பதிவேற்றியவை. மீதி 3 மட்டும், அறிமுகமானவர்கள் வழியாகக் குறிப்பிட்ட ஒருவரின் பெயருக்கே மின்னஞ்சலில் அனுப்பியவை. வந்த இரண்டு பதில்களும் அந்த மூன்றிலிருந்துதான். அவற்றில் ஒருவர், உங்கள் காலக்கோட்டைப் பார்த்துத்தான் ஆசிரியப் பணியைப் பற்றிக் கேட்கத் தோன்றியது என்று எழுதியிருக்கிறார்.

தூரிகை எழுதியது:

மனிதக் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றில் இரண்டு வென்றிருக்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சல்லடை எழுதியது:

அறிமுகத்துடன் வரும் மூன்று கடிதங்களில் இரண்டுக்கு, வெறும் தட்டச்சுத் தாளாக இருந்தாலும் நானும் பதில் எழுதியிருப்பேன். ஆசிரியப் பணியைப் பற்றிக் கேட்டவரின் வரிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

புதியபாதை அவர்களே, 19 தளங்களிலும் புதுப்பித்த கோப்பை மாற்றி ஏற்றும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒற்றைச் செங்குத்துப் பத்தி, எழுத்து மட்டும், தொடர்பு விவரங்கள் முதல் வரியில். மதிப்பெண் ஆய்வைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பெயருக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். கோட்டைப் பிறகு யாருக்கு அனுப்புவது என்று நீங்களும் தூரிகை அவர்களும் பேசிக்கொள்ளலாம்.

செவிவழி எழுதியது:

அனுப்பும்போது மாற்று உரையுடன் அனுப்புங்கள். எனக்கும் அந்தக் கோட்டைக் கேட்க ஆவலாக இருக்கிறது.