நரம்பியலும் உளவியலும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு: பி300 பயிற்சியில் எங்கே சொதப்பும்?

அலைவரிசை:
தலையில் எலக்ட்ரோடு (மின்னலையைப் பிடிக்கும் சிறு உலோக முனை) வைத்து மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் பயிற்சி இது, இரண்டு பாடமும் ஒரே மேசைக்கு வரும். நூறு ஒலியில் எண்பது 1000 ஹெர்ட்ஸ், இருபது 2000 ஹெர்ட்ஸ், கலைத்துப் போட்ட வரிசையில். அபூர்வ ஒலியை மட்டும் மனதுக்குள் எண்ணச் சொன்னால், அது ஒலித்து சுமார் 300 மில்லிசெகண்டில் உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு நேர்மின் அலை எழும். அதுதான் பி300, 1965-இல் முதன்முதலாகப் பதிவான அலை.

முக்கால்வாசிப் பிரச்சினை தலைமுடியில்தான். முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெயும் கண்டிஷனரும் இல்லாமல் வரச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய தலையில் மின்தடை லேசில் இறங்காது. மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் பிடியுங்கள், 36 செ.மீ. என்றால் 18-இல் ஒரு புள்ளி. காதுக்குக் காது அளந்து அதிலும் பாதி. இரண்டும் சேரும் இடம் 'சி இசட்', அதாவது உச்சந்தலையின் நடுப்புள்ளி. மொட்டை ஊசியால் முடியை விலக்கி, தோலை மெல்லத் தேய்த்து, ஜெல்லை அளவாக விடுங்கள். வழிந்து பக்கத்து எலக்ட்ரோடைத் தொட்டால் இரண்டும் ஒரே அலையைக் காட்டும். பிறகு அதைப் பிரிக்க வழியே இல்லை. உள்ளே பெருக்கி இல்லாத சாதாரண எலக்ட்ரோடு என்றால் மின்தடையை 5 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

நீலத்திரை:
பதிவுக்குப் பிறகு நடக்கும் கோளாறுகளைச் சொல்கிறேன். மின்சார லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தெரிந்தவுடன் ஃபில்டரைத் தேடாதீர்கள். முதலில் பக்கத்திலிருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்குங்கள், கிரவுண்ட் எலக்ட்ரோடைப் பாருங்கள். கீழ்வரம்பு ஃபில்டரை (அதைவிட மெதுவான அலைகளை வெட்டுவது) 0.1 ஹெர்ட்ஸில் வையுங்கள். திரை அழகாக இருக்கிறதே என்று 1 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால், பி300 மெதுவான அலை என்பதால் அதுவும் சேர்ந்து சுருங்கிவிடும்.

கண் சிமிட்டல் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். நாம் தேடுவதோ பத்துக்குப் பக்கம். பல ஒலிகளுக்கான பதிவைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் தெரியும். இரைச்சல் வர்க்கமூலக் கணக்கில் குறைவதால், அதைப் பாதியாக்க நாலு மடங்கு ஒலி வேண்டும். சிமிட்டலில் கழிந்தது போக நாற்பது அபூர்வ ஒலியாவது மிஞ்சும்படி திட்டமிடுங்கள்.

மேசைவிளக்கு:
மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் போகும் இடம் உளவியல் பக்கம். பட்டன் அழுத்தச் சொன்னால் கை அசைவுக்கான மின்னலையும் கலந்துவிடும். எண்ணச் சொல்வதே மேல். கடைசியில் எண்ணிக்கையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கவனித்தாரா என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. எல்லோருக்கும் 2000 ஹெர்ட்ஸையே அபூர்வ ஒலியாக வைத்தால், வித்தியாசம் அபூர்வத்தாலா சுருதியாலா என்று சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு மாற்றி வையுங்கள்.

அறிக்கையில் 'அலை பெரிதாகத் தெரிந்த இடத்துக்கு நேர் கீழேதான் மூளை வேலை செய்கிறது' என்று எழுதாதீர்கள். மண்டையோடு மின்புலத்தைப் பரப்பிவிடும். பிறக்கும் இடம் வேறாக இருக்கலாம். உச்சப்புள்ளியை அளப்பதையும் விட்டுவிடுங்கள். 40 அபூர்வ ஒலியின் சராசரியில் இரைச்சல் 160 வழக்கமான ஒலியின் சராசரியைவிட அதிகம், அதனாலேயே உச்சம் பெரிதாகத் தெரியும். 300 முதல் 500 மில்லிசெகண்ட் வரை சராசரி அளவை எடுங்கள். அந்த எல்லையைத் தரவைத் திறப்பதற்கு முன்பே நோட்டில் எழுதி வையுங்கள்.